வர்க்கமூலத்துக்கு இடமாற்றம்

ஒன்பதாம் வகுப்பில் சடங்காகச் செய்து பழகிய ஒரு கணக்கு, கால்குலஸ் வகுப்பில் வேறு வேலைக்குத் திரும்பி வருகிறது. காரணம் தெரிந்து படித்தவர்கள் தப்பிக்கிறார்கள்.

கிழக்கு பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டியிருக்கும் ஜீவனஹள்ளியில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பி.யு.சி. கணிதப் புத்தகத்தில் பெரும்பாலும் ஆங்கிலம். பின்னத்தின் அடியில் இருப்பது தமிழில் 'பகுதி', கன்னடத்தில் 'சேத', ஆங்கிலத்தில் 'டினாமினேட்டர்'. ஆனால் எந்த மொழியில் படித்திருந்தாலும், ஒன்பதாம் வகுப்பில் மனதில் பதிந்த கட்டளை ஒன்றுதான்: பகுதியில் வர்க்கமூலம் இருக்கக் கூடாது. இருந்தால் மேலும் கீழும் பெருக்கி அதை அகற்று.

இரண்டு ஆண்டு கழித்து, முதல் பி.யு.சி.யில் கால்குலஸ் தொடங்குகிறது. அங்கே வர்க்கமூலம் தொகுதியில், அதாவது மேலே, உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் அதை அகற்றிக் கீழே அனுப்புகிறார். மாணவர் குழம்பிப் போகிறார். 'கூடாது' என்று சொன்ன இடத்துக்கே எதற்காக அனுப்ப வேண்டும்?

கட்டளை ஏன் வந்தது என்று பார்த்தால் குழப்பம் தீரும். 1-ஐ √2-ஆல் வகுக்க வேண்டும். கையால் செய்தால் 1-ஐ 1.4142-ஆல் வகுக்கும் நீண்ட வேலை. மேலும் கீழும் √2-ஆல் பெருக்கினால் கணக்கு √2 ÷ 2 ஆகிவிடும். 1.4142-இல் பாதி 0.7071. மனக்கணக்காகவே முடிந்துவிட்டது. கால்குலேட்டர் இல்லாத காலத்தின் சௌகரியம் இது. கணிதத்தின் சட்டம் அல்ல.

பகுதியில் இரண்டு உறுப்புகள் இருந்தால் நடுவிலுள்ள குறியை மாற்றிய 'இணை' கைகொடுக்கும். (√5 − √3)-ஐ (√5 + √3)-ஆல் பெருக்கினால் 5 − 3 = 2. இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற பழைய சூத்திரம்தான்.

இதற்கு வயது அதிகம். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்திலேயே இந்த வழி இருக்கிறது. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் முடித்த சித்தாந்த சிரோமணியின் பீஜகணிதப் பகுதி இதை விரிவாகச் சொல்கிறது: வகுக்கும் எண்ணில் ஒரு மூலத்தின் குறியை மாற்று, மேலும் கீழும் பெருக்கு, கீழே ஒரே உறுப்பு மிஞ்சும்வரை தொடர்ந்து செய். இத்தகைய மூலங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கரணி'. கன்னடக் கணிதத்தில் இன்றும் அதே சொல்தான்.

அதே சித்தாந்த சிரோமணியில், கிரகங்களின் கணநேர வேகத்தைக் கணக்கிடும் இடத்தில், கால்குலஸின் ஒரு முளையும் இருக்கிறது. நம் மாணவருக்கு இரண்டு ஆண்டு இடைவெளியில் வரும் இரண்டு பாடங்களும் பாஸ்கரரிடம் ஒரே நூலுக்குள் இருந்தன.

இரண்டையும் இணைப்பது எது? பெங்களூர்க்காரர்களுக்குப் பழக்கமான 'சைட்' கணக்கையே எடுத்துக்கொள்வோம். 30 அடிக்கு 30 அடி சதுர மனை. பரப்பு 900 சதுர அடி. பரப்பு கொஞ்சம் கூடினால் பக்கம் எந்த வீதத்தில் கூடும்? கூடுதலை 'த' என்போம். வீதம்: (√(900 + த) − 30) ÷ த.

'த' பூஜ்யத்தை நெருங்கும்போது மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். இதிலிருந்து விடை எதுவும் தெரியாது. இப்போது மேலும் கீழும் (√(900 + த) + 30)-ஆல் பெருக்குங்கள். மேலே 900 + த − 900, அதாவது வெறும் 'த'. அது கீழே உள்ள 'த'வோடு அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 1 ÷ (√(900 + த) + 30). இனி 'த'வைப் பூஜ்யமாக்கத் தடையில்லை. விடை 1/60.

சரிபார்க்கலாம். மனை 6 சதுர அடி கூடினால் பக்கம் சுமார் 0.1 அடி கூட வேண்டும். 906-இன் வர்க்கமூலம் 30.0998. பொருந்துகிறது.

மூலத்தைக் கீழே அனுப்பியதன் நோக்கம், தொல்லை கொடுத்த 'த'வை வெளியேற்றுவது. மூலம் எங்கே இருந்தால் வேலை நடக்குமோ அங்கே வைப்பதுதான் வித்தை.

கால்குலேட்டர் வந்த பிறகும் இதற்கு வேலை இருக்கிறது. 8 இலக்கம் காட்டும் சாதாரணக் கால்குலேட்டரில் √1000001 − 1000 போட்டுப் பாருங்கள். மீதி இலக்கங்களை வெட்டிவிடும் கருவி மூலத்தை 1000.0004 என்று காட்டும்; கழித்தால் 0.0004. உண்மை விடையோ ஏறக்குறைய 0.0005. ஐந்தில் ஒரு பங்கு பிழை! அதே கருவியில் 1-ஐ 2000.0004-ஆல் வகுத்தால் 0.0004999 கிடைக்கும். ஒரே கணக்கு, ஒரே கருவி. மூலத்தின் இடம் மட்டும் மாறியது.

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த விடுமுறையில் ஒரு நோட்டும் இரண்டு வாரமும் இதற்குப் போதும். முதலில் 1 ÷ (√5 − √3) போன்றவை. அடுத்து அதையே தலைகீழாக: √5 − √3 என்பதை 2 ÷ (√5 + √3) என்று எழுதிப் பழகுதல். பள்ளியில் அதிகம் கொடுக்காத இந்தப் பயிற்சிதான் கால்குலஸுக்கு நேரடியாக உதவுவது. பிறகு பாஸ்கரர் வழியில் 1 ÷ (√2 + √3 + √5). கடைசியாக 'த' வரும் கணக்குகள். கனமூலம் வந்தால் இரண்டு உறுப்பு இணை போதாது, மூன்று உறுப்பு வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வழக்கமான தவறுகள் மூன்று. √(9 + 16)-ஐ 3 + 4 என்று பிரிப்பது. விடை 7 அல்ல, 5. இணையால் ஒரு பக்கம் மட்டும் பெருக்குவது. கீழே 'த'வை அடைப்புக்குறிக்குள் பெருக்கி விரித்துவிட்டு, பிறகு அடிக்க வழி தெரியாமல் நிற்பது.

கர்நாடக சி.இ.டி. கணிதத் தாளில் 60 கேள்விகளுக்கு 80 நிமிடம். ஒரு கேள்விக்கு 80 விநாடி. அந்த நேரத்தில் 'மூலம் கீழே இருக்கலாமா?' என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. பெரிய கோச்சிங் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் செலவில்லாமல் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளக்கூடிய சந்தேகம் இது.