ஓட்டுக்கு அடியில்

ஆந்திரத்தின் நகரித் தொகுதியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது விஜயபுரம் மண்டலம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது இந்தப் பக்கம் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. பல வீடுகளில் பேச்சு தமிழ், ஆபீசில் தெலுங்கு. வீடு கட்டுகிற முறை மட்டும் எல்லைக்கு இருபுறமும் ஒன்றுதான். குளியலறையின் கதையும் அப்படியே.

அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் குளிப்பதற்கென்று அறையே கிடையாது. ஆண்களுக்குக் கிணற்றடி, கழனியில் பம்புசெட்டுத் தொட்டி. பெண்களுக்குப் பின்கட்டில் ஓலைத் தட்டி மறைப்பு, அதற்குள் காலை வைக்க ஒரு கடப்பாக் கல், பக்கத்தில் வெந்நீர் அண்டா. கல்லில் விழுந்த தண்ணீர் ஜலதாரை வழியாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் பாயும். கசிவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கசிந்தால் மண்ணில்தானே கசியும். ஆனால் விடியுமுன் இருட்டில் குளித்து முடிக்க வேண்டிய பெண்களுக்கும், மழைக்காலத்தில் வழுக்குகிற கல்லில் நிற்க வேண்டிய முதியவர்களுக்கும் அது சுகமான ஏற்பாடு அல்ல.

நீர் புகாமல் கட்டும் வித்தையை அன்றைய கொத்தனார்கள் அறிந்திருந்தார்கள். அதை மொட்டை மாடிக்கு வைத்துக்கொண்டார்கள். மெட்ராஸ் டெரஸ் என்ற கூரையில் மர விட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில்தான் தட்டோடு பதிப்பார்கள். மழையை நிறுத்தியதில் பெரும்பங்கு ஓட்டுக்கு அடியில் இறுகிக் கிடந்த அந்தக் காரைக்கும், தண்ணீரை வழியனுப்பிய வாட்டத்துக்கும் உரியது.

பிறகு சிமென்ட் வந்தது, கான்கிரீட் தளம் வந்தது, மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன. 1986-இல் மத்திய அரசின் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 2014 அக்டோபர் 2-இல் தூய்மை இந்தியா இயக்கம் வந்து, கிராமத்தில் வீட்டுக் கழிப்பறைக்கு ரூ.12,000 ஊக்கத்தொகை என்றது. தோட்டத்து மூலையில் நின்ற கழிப்பறையும் குளியலறையும் மெல்ல வீட்டுக்குள் நகர்ந்தன. மாடி எழும்பியதும் மாடிக்கும் ஏறின. ஓடுகளும் பெருகின. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வருகின்றன. பக்கத்து ஸ்ரீகாளஹஸ்தியிலேயே கஜாரியா ஓட்டு நிறுவனத்துக்கு ஆலை இருக்கிறது.

இன்று குளியலறை கீழ்வீட்டுக் கூடத்தின் தலைக்கு மேல் இருக்கிறது. முன்பு வாழைக்குப் போன தண்ணீர் இப்போது ஒரு சாணுக்குக் குறைவான கான்கிரீட்டின் மேல் நிற்கிறது. ஓடு பளபளப்பாக இருந்தாலும் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். கூடத்துச் சீலிங்கில் மஞ்சள் கறை தெரியும்போது வேலை உள்ளே முற்றியிருக்கும்.

ஆகவே பழைய குளியலறையைப் புதுப்பிப்பவர்கள் பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு ஒட்டுவது வீண். ஓட்டையும் பூச்சையும் தளம் வரை கொத்தி எடுக்க வேண்டும். குழாய்களைப் பதித்து அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் மூட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைத்துப் பூச வேண்டும். குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி அடைக்க வேண்டும். அதன்மேல் நீர்த்தடைப் பூச்சு இரண்டு கை. இரண்டாவது கை முதலாவதற்குக் குறுக்காக. தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓரடியாவது ஏற்ற வேண்டும். ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கு. பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி, குறைந்தது 48 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால்தான் வாட்டம் போட்டு, ஓடு. நாலடிக்கு ஓர் அங்குல வாட்டம் போதும்.

இதில் எதுவும் மேஸ்திரிக்குத் தெரியாததல்ல. ஓடு பதிக்கும் கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. தண்ணீர் கட்டிக் காத்திருக்கும் இரண்டு நாளுக்குச் சதுர அடியே கிடையாது. அந்த நாள்களில் அவருக்குக் கூலி விழாது. வீட்டுக்காரருக்கோ கிரகப்பிரவேச அவசரம். டெரஸ் போட்ட காலத்தில் நாள்கூலி வாங்கிக்கொண்டு அடித்தார்கள். அந்தக் காரை இறுகியதற்குக் கடுக்காய் எவ்வளவு காரணமோ, அந்தக் கூலி முறையும் அவ்வளவு காரணம்.

ஓட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் குடும்பமே கடைக்குப் போகிறது. அதோடு மேஸ்திரியிடம் ரேட் பேசும்போது, தண்ணீர் கட்டும் நாள்களுக்கான கூலியையும் தனியாகப் பேசி முடித்துவிடுவது நல்லது. பின்னால் மொத்தத்தையும் மறுபடி கொத்தி எடுக்கிற செலவோடு பார்த்தால் அது சொற்பம்.