ஒரு பலகையும் இரு மின்வாயில்களும்



கணினி முழுவதும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அடங்கிவிடுவதுண்டு. அதனை ஒற்றைப் பலகைக் கணினி என்பர். 2019ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜெட்சன் நானோ அவ்வகையது. அதற்கு மின்சாரம் ஊட்டும் முறை, மின்னியலில் ஒரு நல்ல பாடம்.

மின்சாரம் புக அதில் இரு வாயில்கள் உண்டு. ஒன்று மைக்ரோ யு.எஸ்.பி.; மற்றொன்று உருளைச் செருகிக்குரிய துளை. இரண்டிற்கும் மின்னழுத்தம் 5 வோல்ட்டே. ஆயின் முன்னதில் 2 ஆம்பியர் வரையும், பின்னதில் 4 ஆம்பியர் வரையும் பெறலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்க, திறன் முறையே 10 வாட், 20 வாட் ஆகும். காமிரா முதலிய துணைக்கருவிகள் பல சேர்ந்தால் 10 வாட் போதாது. கணினி இடையிலே நின்றுவிடும்.

எந்த வாயில் வழியே மின்சாரம் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஜம்பர். ஜே48 என்று குறித்த இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி அது. மாட்டினால் உருளைத் துளை இயங்கும். நீக்கினால் மைக்ரோ யு.எஸ்.பி. இயங்கும்.

உடன்குடிப் பக்கத்து உழவர் மடையைத் திருப்புவதைக் கண்டிருப்பீர்கள். மடை நீரின் வழியை மாற்றுமேயன்றி, வரும் நீரின் வேகத்திற்குப் பொறுப்பாகாது. ஜம்பரும் அத்தகையதே, 12 வோல்ட்டை அது 5 வோல்ட்டாக்காது. வேறு சாதனத்தின் 12 வோல்ட் செருகியும் அத்துளையில் பொருந்தக்கூடும். பொருத்தினால் பலகை பாழாகும்.

ஆதலின் அடாப்டரின்மேல் அச்சிட்ட எண்களை முதலில் படியுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே ஜம்பரைத் தொடுங்கள். துளையில் பொருந்துவதெல்லாம் கருவிக்குப் பொருந்துவதன்று.