சம்மதம் சொல்லும் முன்

ஒரு குடும்பத்தில் மூத்தவளுக்குக் கலியாணமாகிப் பத்தாண்டுகள் கடந்தும் குழந்தை இல்லை என்றால், அந்தக் குறையை அவளும் அவள் கணவனும் மாத்திரம் சுமப்பதில்லை. பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் சேர்ந்தே சுமக்கிறார்கள். பிறவியிலேயே கருப்பை அமையவில்லை என்றோ, நோயின் காரணமாக அதை அகற்ற நேர்ந்துவிட்டது என்றோ, கர்ப்பம் தரித்தால் இருதயம் தாங்காது என்றோ மருத்துவர் கூறிவிட்ட பிறகு, அந்தத் தம்பதியின் கருவை இன்னொரு பெண்ணின் கருப்பையில் வளர்த்தெடுக்கலாம் என்ற யோசனை எழுகிறது. எழுந்த மாத்திரத்தில், இரண்டு பிள்ளைகளைச் சிரமமின்றிப் பெற்றெடுத்த தங்கையின் பக்கமோ நாத்தனாரின் பக்கமோ வீட்டிலுள்ள அத்தனை கண்களும் திரும்புகின்றன. வாய் திறந்து யாரும் கேட்பதில்லை. ஆயினும் தன்னைக் கேட்டாயிற்று என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் விடை சொல்வதற்கு முன்னர் அறிந்திருக்க வேண்டியவை பல இருக்க, அவற்றை அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொல்பவர்களோ வெகு சிலர் என்பதால், அவளை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கருவைப் பெண்ணின் உடலுக்கு வெளியே உருவாக்க முடியும் என்பது 1978-ஆம் ஆண்டில் நிரூபணமாயிற்று. அவ்வாண்டு ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் நம் நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அவ்விதம் உருவான கருவை, முட்டை தந்தவளின் கருப்பையில்தான் வைக்க வேண்டும் என்ற இயற்கை நியதி ஏதும் இல்லாமையால், 1980-களின் நடுவில் அமெரிக்காவில் மற்றொரு பெண்ணின் கருப்பையில் வைத்து வளர்க்கும் முறையும் கைகூடிற்று. பின்னர் நம் நாட்டில் இது ஒரு பெரிய வியாபாரமாகவே வளர்ந்து, பால் கூட்டுறவுக்குப் பெயர்பெற்ற குஜராத்தின் ஆனந்த் நகரம், வெளிநாட்டுத் தம்பதிகள் வாடகைத் தாயைத் தேடி வரும் ஊராகவும் உலகெங்கும் அறியப்பட்டது. 2008-இல் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காக அங்கே ஒரு பெண் கருவைச் சுமந்துகொண்டிருக்கையில் அத்தம்பதி விவாகரத்துச் செய்துகொண்டனர். பிறந்த சிசு எந்தத் தேசத்துப் பிரஜை, அதைக் கொண்டுசெல்லும் உரிமை யாருடையது என்பதெல்லாம் விளங்காமல், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டம் வேண்டும் என்ற குரல் அதன் பின்னர் வலுத்தது. 2015-இல் வெளிநாட்டவருக்கு வாசல் அடைக்கப்பட்டது. இறுதியில் 2021-ஆம் ஆண்டின் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்து, 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருந்து வருகிறது.

அந்தச் சட்டத்தின் சாரம், கருவைச் சுமப்பது தயையின் பொருட்டே அன்றிப் பணத்தின் பொருட்டாக இருத்தலாகாது என்பதே. மருத்துவச் செலவு, காப்புறுதி, விதிகளில் குறிப்பிட்ட வேறு செலவுகள் ஆகியவை தவிர வேறெந்தப் பணமும், வெகுமதியும், கூலியும் கைமாறக் கூடாது. மீறி வியாபாரமாக நடத்துவோருக்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சுமக்க முன்வருபவள் விவாகமானவளாகவும், தன் வயிற்றில் பிறந்த பிள்ளை உடையவளாகவும், கரு வைக்கப்படும் நாளில் 25 வயதிலிருந்து 35 வயதுக்கு உட்பட்டவளாகவும் இருத்தல் வேண்டும். ஆயுளில் ஒரே ஒரு முறைதான் வாடகைத் தாயாக இருக்கலாம். தன் சொந்த முட்டையைத் தரக் கூடாது. உடல் தகுதிக்கும் மனத் தகுதிக்கும் மருத்துவரின் சான்றிதழ் பெற்றாக வேண்டும். குழந்தை வேண்டும் தம்பதிக்கும் வயது வரம்புகளும் மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றிதழும் உண்டு. அவற்றின் விவரம் அவர்கள் கவலை.

தரகர்களின் கையிலிருந்து ஏழைப் பெண்களை மீட்க எழுந்த இச்சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் பணம் என்னும் நிர்ப்பந்தத்தை விலக்கிய இடத்தில் பாசம் என்னும் நிர்ப்பந்தம் வந்து அமர்ந்துகொள்ளக் கூடும் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தரகனுக்கு ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மாமியாருக்கோ உடன்பிறந்த அக்காளுக்கோ அவ்வாறு சொல்லிவிட்டு எந்த வீட்டுக்குத் திரும்புவது? சட்டம் அனுமதிக்காத வகையில் ஒரு பெண் கருவைச் சுமந்ததாக வழக்கென்று வந்தால், அவள் கணவனாலோ, தம்பதியாலோ, உறவினராலோ கட்டாயப்படுத்தப்பட்டாள் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும் என்று சட்டமே கூறுகிறது. இந்த நிர்ப்பந்தத்தைச் சட்டம் செய்தவர்களும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சாட்சி. ஆகவே மனநல ஆலோசகரைச் சந்திக்கும்போது, கணவனும் உறவினரும் உடனிராமல் தனியே பேச வேண்டும் என்று கேட்பது அவள் செய்ய வேண்டிய முதற்காரியம். சிறுநீரக தானத்தில் மனமில்லாத உறவினரை, காரணத்தை விரித்துரைக்காமல், ‘தகுதியில்லை’ என்ற ஒரு சொல்லோடு மருத்துவர்கள் விடுவிப்பதுண்டு. அத்தகைய உதவியை இங்கேயும் கேட்பதில் தவறேதும் இல்லை.

இனி, உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். ‘ஒரு சின்ன ஊசி, பிறகு சாதாரணப் பிரசவந்தான்’ என்று சொல்வது பாதி உண்மை. ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், சர்க்கரை, தைராய்டு முதலியவற்றைச் சோதித்து, ஸ்கேன் மூலம் கருப்பையைப் பரிசீலித்த பின்னர், பெரும்பாலும் மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் ஆரம்பமாகும். கருப்பையின் உட்சுவர் ஏழெட்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்ததும் புரொஜெஸ்டிரோன் சேர்க்கப்படும். பின்னர், சோதனைச்சாலையில் பெரும்பாலும் ஐந்து நாள் வளர்ந்த கருவை, மெல்லிய குழாயின் வழியே கருப்பைக்குள் விடுவார்கள். அதற்கு மயக்க மருந்து சாதாரணமாகத் தேவைப்படாது, வலியும் அதிகம் இராது. ஆனால் இம்முறையில் அந்த மாதம் அவளுடைய சினைப்பை முட்டை விடுவதில்லையாதலால், கர்ப்பத்தைக் காக்கும் புரொஜெஸ்டிரோன் அவள் தேகத்தில் தானாகச் சுரப்பதில்லை. நச்சுக்கொடி முதிர்ந்து அந்தப் பொறுப்பை ஏற்கும் வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு வாரங்கள் வரை, அதை வெளியிலிருந்தே தர வேண்டியிருக்கிறது. எண்ணெயில் கரைத்த அந்த மருந்தைத் தினந்தோறும் ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களுக்குப் பிட்டத்தில் தடிப்பும் வலியும் தங்கிவிடும் என்பதை, போட்டுக்கொண்ட பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அவ்வளவும் செய்த பிறகும் கரு தங்காமல் போகலாம். அப்போது எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். அத்தகைய முயற்சிகள் மூன்றுக்கு மேல் கூடாது என்று 2022-ஆம் ஆண்டின் விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. மேலும், கரு வைப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே அவள் தன் கணவனுடன் சேராமல் இருக்க வேண்டும். தவறினால் அவளுக்கே சொந்தமான கர்ப்பம் ஏற்பட்டுவிடக் கூடும். கணவனுக்கு இதை மருத்துவரே நேரில் சொல்வது நல்லது.

‘முன்பு இரண்டு பெற்றவள்தானே, இதுவும் அப்படித்தான்’ என்ற எண்ணம் எல்லாரிடமும் இருக்கிறது, அது சரியல்ல. தன் குழந்தையைச் சுமக்கும்போது அந்தச் சிசுவின் மரபில் பாதி அவளுடையது. இங்கேயோ, சுமப்பவள் உறவினளே ஆனாலும், அந்நியத்தின் பங்கு அதைவிட மிகுதி. அந்த அந்நியத்தை அவள் தேகம் சகித்துக்கொள்வதில் ஏற்படும் சங்கடமே ரத்த அழுத்தம் முதலிய கோளாறுகளுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2012 முதல் 2021 வரை நிகழ்ந்த, ஒற்றைக் குழந்தை பிறந்த பிரசவங்களை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இயல்பாகக் கருத்தரித்தவர்களில் நூற்றுக்கு 2.3 பேருக்கும், சோதனைக் குழாய் முறையில் தம் குழந்தையையே சுமந்தவர்களில் 4.3 பேருக்கும், வாடகைத் தாய்மாரில் 7.8 பேருக்கும் கடுமையான உடல்நலக் கேடு நேர்ந்ததாகத் தெரியவந்தது. கடும் ரத்த அழுத்தம், பிரசவத்துக்குப் பின் பெருக்கெடுக்கும் ரத்தப்போக்கு, கிருமித் தொற்று ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேர் அத்தகைய கடுமையான கேடு இன்றியே மீண்டனர் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆயினும் மருத்துவ வசதி மிகுந்த ஒரு நாட்டில் கண்ட கணக்கு இது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். மிகையான ரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையையே அகற்றும் நிலை அபூர்வமாயினும் வரக்கூடியது; ஆதலால் தனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையுள்ளவள் இதற்கு இசையாதிருப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். அவளது ரத்தம் நெகடிவ் வகையாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரணக் கர்ப்பத்தில் கணவனின் ரத்த வகையை மாத்திரம் பார்ப்பார்கள். இங்கே கரு தந்த இருவரில் ஒருவர் பாசிடிவ் வகையானாலும் சிசு பாசிடிவ் ஆகலாம் என்பதால், அதற்குரிய தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டாக வேண்டும்.

எத்தனை கருக்கள் வைப்பது என்பதை மருத்துவர் அறையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் விஷயமாக அவள் எண்ணக் கூடாது. ஒரே செலவில் இரட்டைக் குழந்தை கிடைக்கட்டும் என்ற ஆவல் தம்பதிக்கு இருக்கலாம். இரட்டைக் கர்ப்பத்தால் குறைப்பிரசவமும், ரத்தக் கொதிப்பும், சிசேரியனும் மிகுவதோ அவள் உடலில். சாதாரணமாக ஒரு கருவே வைக்க வேண்டும், விசேஷ காரணம் இருந்தால் மூன்று வரை வைக்கலாம் என்பது விதி. அந்த விசேஷ காரணம் என்னவென்று கேட்டு, தனக்குத் திருப்தி ஏற்படாவிடில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஏனெனில், அவள் கையில் உள்ள அதிகாரமெல்லாம் கரு வைக்கும் நாளுக்கு முன்னரே நிறைந்திருக்கிறது. பின்விளைவுகளையெல்லாம் விளக்கி, அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலமாகச் சம்மதம் பெற வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. ஆங்கிலப் படிவத்தில் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திடுவது சம்மதம் ஆகாது. தமிழில் தரும்படி கேட்டு, வீட்டுக்கு எடுத்துச் சென்று, படித்து, நம்பிக்கைக்குரிய ஒருவரோடு கலந்து யோசிக்க அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்த சம்மதத்தைக் கருவை வைக்கும் முன்பு வரை அவள் திரும்பப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. மருந்து சாப்பிடத் தொடங்கிவிட்டோமே, இவ்வளவு செலவழித்துவிட்டார்களே என்ற தாட்சண்யம் அந்த உரிமையைக் குறைத்துவிடாது. கரு வைத்த பின்னரும், யாரும் அவளைக் கருச்சிதைவுக்கு வற்புறுத்த முடியாது. அதற்கு அவளுடைய எழுத்து மூலமான சம்மதமும் உரிய அதிகாரியின் அனுமதியும் வேண்டும். ஆனால் ஐந்தாம் மாதத்து ஸ்கேனில் சிசுவுக்குப் பெரிய குறை தெரிந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை, அது நேர்ந்த பிறகு கண்ணீரோடு பேசுவதைக் காட்டிலும், முன்னமே இரு குடும்பமும் உட்கார்ந்து பேசிக்கொள்வது எவ்வளவோ மேல்.

பண விஷயத்தைப் பேசக் கூச்சப்படக் கூடாது. அவளுக்காகத் தம்பதி 36 மாத காலத்துக்குக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய சிக்கல்களுக்கும் அது செல்லுபடியாக வேண்டும். நோய், நஷ்டம், மரணம் ஆகியவற்றுக்கு ஈடு செய்வதாக உரிய அதிகாரி முன்னிலையில் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். இரண்டின் நகலும் அவள் கையில் இருக்கட்டும். மத்திய அரசு வேலையில் உள்ளவளானால், 2024-இல் திருத்திய விடுப்பு விதிகளின்படி, இரண்டுக்குக் குறைவான பிள்ளைகள் உடைய வாடகைத் தாய்க்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. பனியன் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த மாதங்களின் வருமானத்தை யார் தருவது? ஒன்பது மாத உழைப்பைத் தயை என்று பெயரிட்டு, அதன் பாரத்தை ஏழைக் குடும்பத்தின் அடுப்பின்மேல் ஏற்றுவது நியாயமாக எனக்குப் படவில்லை. சட்டம் இந்த இடத்தில் இன்னும் இரக்கம் காட்ட வேண்டும்.

குழந்தை பிறந்ததும் அது சட்டப்படி அத்தம்பதியின் பிள்ளையே. தம்பதியும் அவளும் சேர்ந்து விண்ணப்பித்து, முதல் வகுப்பு நீதிபதியிடம் பெற்றிருக்கும் உத்தரவே பெற்றோர் யார் என்பதற்கு ஆதாரம். குழந்தைக்கு என்ன குறை இருப்பினும் தம்பதி அதைக் கைவிட முடியாது. ஆயினும் தேகத்துக்குச் சட்டம் தெரியாது: இரண்டு மூன்று நாளில் மார்பில் பால் கட்டும், ஹார்மோன்கள் சரியும், காரணமின்றி அழுகை வரும். பாலைக் கொடுப்பதா, மருந்தால் நிறுத்துவதா என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். உறவுக்குள் சுமந்தவளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. குழந்தை வேறு ஊருக்குப் போய்விடுவதில்லை, ஒவ்வொரு பண்டிகைக்கும் சித்தி என்றோ அத்தை என்றோ அழைத்துக்கொண்டு எதிரில் வந்து நிற்கும். அதற்கு உண்மையைச் சொல்வதா, எப்போது, யார் சொல்வது என்பதையும், அவளுடைய சொந்தப் பிள்ளைகள் ‘அம்மா வயிற்றிலிருந்த பாப்பா எங்கே?’ என்று கேட்கும்போது என்ன விடை கூறுவது என்பதையும் இரு வீட்டாரும் ஒரே மாதிரியாகச் சொல்லத் தீர்மானித்துக்கொள்ளுதல் அவசியம்.

பிரசவமான மறுநாள் முதல் எல்லார் கவனமும் தொட்டிலின் பக்கம் போய்விடுவது இயல்பு. அப்போது அவளுக்குப் பத்தியச் சாப்பாடு சமைப்பவர் யார், அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர் யார், தையல் ஆறியிருக்கிறதா, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஆறாவது வாரத்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர் யார், தூக்கமில்லாமலும் பேச்சில்லாமலும் அவள் ஒடுங்கிக் கிடந்தால் கவனித்து மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்கிறவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை, சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்னரே அவள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.