குடிநோய்க்குப் பேச்சுச் சிகிச்சை: பயன் எவ்வளவு?

குடிநோய்க்கு மருந்துகளோடு சேர்த்தோ தனித்தோ அளிக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தருகிறது என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. எண்ணம், உணர்வு, செயல் ஆகியவை ஒன்றையொன்று இழுத்துச் செல்பவை என்றும், குடி பெருமளவு கற்றுக்கொண்ட பழக்கம் என்பதால் புதிதாகக் கற்றே அதை மாற்ற இயலும் என்றும் கருதும் இச்சிகிச்சையில், எந்த நேரத்தில், யாருடன், என்ன மனநிலையில் குடிவேட்கை எழுகிறது என்பதை ஆலோசகரும் நோயாளியும் சேர்ந்து ஆராய்கின்றனர். வேட்கையைக் கிளப்பும் இத்தகைய சூழல் தூண்டுதல் எனப்படும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலையில் உழைக்கும் ஒருவருக்கு, உலைச்சூட்டில் இரவு ஷிப்ட் முடித்த உடல்வலியும், சம்பள நாளும், ஒரே அறையில் தங்கும் நண்பர்களின் அழைப்பும் தூண்டுதல்களாக அமையக்கூடும். இவற்றைவிட ஆழமானது, ஒரு குவாட்டர் போட்டால்தான் தூக்கம் வரும் என்ற நம்பிக்கை. மது தூக்கத்தை விரைந்து வரவழைத்துப் பின்னிரவில் கலைத்துவிடுகிறது என்பதை அவரே குறிப்பேட்டில் பதிந்து கண்டுகொள்ளும்போது உண்டாகும் தெளிவை, எவ்வளவு அறிவுரையும் தந்துவிடாது. மறுத்துப் பேசப் பழகுவதும், வேட்கை சற்று நேரத்தில் தானே தணியும் என்றறிந்து பொறுத்திருப்பதும் அடுத்த பயிற்சிகள். ஒருநாள் தவறிக் குடித்தவர், எல்லாம் போயிற்று என்று மனமுடைந்து முழுக்குடிக்குத் திரும்புவதைத் தடுக்கும் முறையை, ஆலன் மார்லட்டும் ஜூடித் கோர்டனும் 1985இல் வெளியிட்ட நூலில் விரிவாக வகுத்தனர்.

சான்றுகள் மிதமானவையே. குடிநோயும் போதைப்பழக்கமும் குறித்த 53 ஆய்வுகளைத் தொகுத்து மாகிலும் ரேயும் 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, இச்சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 58 விழுக்காட்டினர் ஒப்பீட்டுக் குழுவினரைவிட மேலான நிலையை அடைந்தனர். பலனே இல்லையென்றால் இந்த எண் 50ஆக இருந்திருக்கும். அமெரிக்காவில் 1,726 பேரிடம் நடத்தப்பட்டு 1997இல் முடிவு வெளியான 'பிராஜெக்ட் மேட்ச்' ஆய்விலோ, இம்முறைக்கும், மாறும் விருப்பத்தை வளர்க்கும் முறைக்கும், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரு படிகளைப் பின்பற்றும் முறைக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே எது உயர்ந்தது என்ற வாதத்தைவிட, ஏதேனும் ஒன்று தொழிலாளியின் கைக்கெட்டுமா என்பதே இங்கு முக்கியம்.

இதற்கு நெருங்கிய இந்தியச் சான்று கோவாவில் கிடைக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கு தரும் அளவில் குடித்த 377 ஆண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள், விருப்பத்தை வளர்க்கும் உரையாடலோடு இச்சிகிச்சையின் கூறுகளையும் கலந்து, நான்கு அமர்வுகளுக்கு மிகாமல் வழங்கினர். மூன்று மாதங்களில் தீங்கான குடியிலிருந்து மீண்டவர்கள் இக்குழுவில் 36 விழுக்காடும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 26 விழுக்காடும் ஆவர். முற்றிய குடிநோயாளிகள் இதில் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கலாகாது. அவர்களுக்கு, 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை போன்ற சிறப்பு நிலையங்கள் தேவைப்படும்.

கும்மிடிப்பூண்டி அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் இதைச் செயல்படுத்துவோர், பேச்சையே கருவியாகக் கொண்ட இச்சிகிச்சையை அங்கு உழைக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியில் வழங்க வேண்டியிருக்கும். வாரந்தோறும் ஒரே கிழமையில் சந்திப்பு என்ற ஏற்பாடும், ஷிப்ட் மாறிக்கொண்டேயிருப்பவர்களுக்குப் பொருந்தாது. கோவாவில் ஆலோசகர்கள் வீடுகளுக்கே சென்றும் பேசினர்.