லெதர் சீட்டில் தேங்காய் எண்ணெய் தடவலாமா? டிரைவர்கள் கவனிக்க...

சென்னை: வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரில் லெதர் சீட் சீக்கிரம் வெளுத்து, வெடித்து விடும். மாற்றணும்னா ஆயிரக்கணக்கில் செலவு. திட்டு வாங்குவது என்னவோ டிரைவர்தான்.

பளபளப்புக்காக சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். இது தப்பு. இப்போதைய கார் லெதரில் பெரும்பாலும் மேலே பாலியூரிதேன் பூச்சு இருக்கும். எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று புழுதியை இழுக்கும். சோப்புத்தூளின் காரமும், தின்னரும் அந்தப் பூச்சையே கெடுத்துவிடும்.

சுத்தம் செய்வது எப்படி?

* தையல் இடுக்கில் உள்ள மணலை முதலில் வாக்குவம் போட்டு எடுக்கணும். மணலோடு தேய்த்தால் கீறல் விழும்.

* லெதர் கிளீனரை துணியில் ஊற்றி துடைக்கணும். சீட்டில் நேரடியாக ஊற்றக்கூடாது. பொடி ஓட்டை உள்ள சீட்டில் ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் ஃபோம் நாற்றமடிக்கும். அடியில் ஒயர்களும் இருக்கு.

* ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காய்ந்த பிறகு கண்டிஷனரை லேசாகத் தடவி, காய்ந்த துணியால் துடைத்து எடுக்கணும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

* எதையும் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயம். பல கார்களில் உட்காரும் இடம் மட்டும்தான் லெதர். பக்கமும் முதுகுப்புறமும் ரெக்சின். ரெக்சினுக்கு கண்டிஷனர் போடுவது வீண் செலவு, ஈரத்துணியே போதும்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது, "சீட்டில் டேஷ்போர்டு பாலிஷ் போடாதீங்க"ன்னு மறக்காம சொல்லிடுங்க. சீட் வழுக்கும்.