மினாரா ஒடியாமல் நிற்க எதில் வார்ப்பது?

பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகவோ மீலாது விழாவுக்காகவோ உங்கள் பிள்ளைகள் ஒரு பள்ளிவாசலின் சிறு மாதிரியைச் செய்ய விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரும் தளமும் அட்டையில் அமைந்துவிடும். ஆனால் குவிமாடங்கள், வளைவுகள், மாடத் தூண்கள் ஆகியவை ஒரே வடிவில் பத்தும் இருபதுமாகத் தேவைப்படும். ஒன்றைச் செம்மையாகச் செய்து, அதற்கு ரப்பர் அச்செடுத்து, மற்றவற்றை வார்த்துக்கொள்வதே எளிய வழி.

உயிரற்ற பொருள்களை இவ்வாறு உருவாக்குவதில் தயக்கம் வேண்டியதில்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

எந்தப் பொருளில் வார்ப்பது என்பதே அடுத்த கேள்வி. அதை முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: உறுப்பின் மெலிவு, உங்கள் இல்லத்தாரின் பாதுகாப்பு.

மெலிவைக் கணக்கிடுங்கள்

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதை 200-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரம் வரும். அதே அளவில், 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள தூண் அரை மில்லிமீட்டராகிவிடும். மினாராவின் உடலுக்கு ஏற்ற பொருள் அத்தூணுக்கு ஏற்காது என்பது இதிலிருந்தே விளங்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்

விலை மலிவு, வாடையில்லை, நுண்ணிய கோடுகளையும் தெளிவாகப் பதிக்கும். ஆனால் எளிதில் ஒடியும். ஆகவே குவிமாடம், மினாராவின் உடல் போன்ற பருத்த உறுப்புகளுக்கு மட்டும் கொள்ளுங்கள். தண்ணீரில் மாவைத் தூவிக் கலக்குங்கள். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது நீருக்கடியிலும் இறுகி அடைத்துக்கொள்ளும்.

இது இறுகும்போது வெப்பம் வெளியாகும். 2007-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், கை வடிவம் எடுப்பதற்காகப் பிளாஸ்டருக்குள் கைகளை வைத்த 16 வயதுப் பள்ளி மாணவி, தம் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். பிள்ளைகள் விளையாட்டாகக்கூட இதில் கையைப் புதைக்க விடாதீர்கள்.

பிசின் வகைகள்

பாலியஸ்டர் பிசின் மலிவானது. ஆனால் கடும் நெடியுடையது, இறுகும்போது சுருங்கும். அதனை இறுகச் செய்யும் திரவம் கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடும். எபாக்சி மெதுவாக இறுகும், சுருக்கம் மிகக் குறைவு, உறுதி மிகுதி. மெலிந்த வளைவுகளுக்கு அதுவே சிறந்தது. விரைவில் இறுகட்டும் என்று எபாக்சியில் இறுக்கியைக் கூடுதலாகச் சேர்க்காதீர்கள். வார்ப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம். எனவே கையுறையும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. பெரியவர்களே இதைக் கலக்க வேண்டும்.

அரை மில்லிமீட்டர் தூணுக்கு வார்ப்பே வேண்டாம். பித்தளைக் கம்பியை அளவாக நறுக்கி நிறுத்துங்கள்.

"ஈயம்" என்றால் எந்த ஈயம்?

இங்கேதான் மிகுந்த விழிப்பு தேவை. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது 232 டிகிரியில் உருகும். மீன்பிடி வலைக் குண்டுகளிலும் பழைய பேட்டரிகளிலும் இருப்பதோ காரீயம். அது 327 டிகிரியில் உருகும். பேச்சு வழக்கில் இரண்டையும் "ஈயம்" என்றே சொல்கிறோம். ஒன்று சமையலுக்கானது, மற்றொன்று நஞ்சு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு உடலில் சேர்ந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லையென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பழைய வலைக் குண்டுகளை அடுப்பில் உருக்கி வார்ப்பது சிக்கனமாகத் தோன்றலாம். அதன் புகையும் தூசியும் அடுப்பங்கரையில் படிந்து, தவழும் குழந்தையின் வாய்க்குச் செல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள். உலோகம்தான் வேண்டுமென்றால், காரீயம் கலவாத வெள்ளீயம் என்று உறுதிப்பட்டதை மட்டும் வாங்குங்கள். அச்சும் உயர் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் ரப்பராக இருக்கட்டும். உருகிய உலோகத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் தெறித்துவிடும்.

பருத்ததற்குப் பிளாஸ்டர், மெலிந்ததற்கு எபாக்சி, மிக மெலிந்ததற்குக் கம்பி. எதைக் கொண்டாலும் அதற்கெனத் தனிப் பாத்திரம் வையுங்கள். அது மீண்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. அழகிய மினாராவைச் செய்வதைவிட, அதைச் செய்யும் சின்னஞ்சிறு கைகளைக் காப்பது பெரிய அமானிதம் அல்லவா?