பால்கோவாவில் நிற்கும் குழி, சர்க்கரையில் நிற்காது!

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போனா பால்கோவா வாங்காம திரும்ப மாட்டீங்கதானே? அடுத்த தடவை சாப்பிடுறதுக்கு முன்னால ஒரு சின்ன சோதனை. பால்கோவாவுல விரலை விட்டு எடுங்க... குழி அப்படியே நிற்கும். அப்புறம் சர்க்கரை டப்பாவுல விட்டு எடுங்க... விரலை எடுக்கும்போதே மூடிக்கும். முதலாவது களிமண், ரெண்டாவது மணல். நிலத்தைத் துளைச்சு வார்க்கிற 'பைல்' அஸ்திவாரத்தோட தலைவலி எல்லாம் அந்த ரெண்டாவது டப்பாவுலதான் இருக்கு!

'சிவில்னா செங்கல், சிமென்ட்தானே'ன்னு கலாய்க்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்காக ஒரு நிமிஷம். மேல்மண் பாரம் தாங்காத இடத்துல ஆழமா துளை போட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட்டை நிரப்பினா அதுதான் பைல். மணல்ல அந்தத் துளை சரியாம இருக்க, பென்டோனைட்ங்கிற களிமண்ணைத் தண்ணியில கரைச்சு ஊத்துவாங்க. நிலத்தடி நீர்மட்டத்தைவிட ஒரு மீட்டராவது உசரமா இந்தக் கரைசல் நின்னா, உள்ளேயிருந்து சுவரைத் தாங்கிப் பிடிச்சுக்கும். சரளைக்கல் அதிகமா இருந்தா கரைசலே இடுக்கு வழியா ஓடிப் போயிடும். அங்கே இரும்புக் குழாயை (கேசிங்) இறக்கியே ஆகணும்.

கான்கிரீட்டையும் மேலேயிருந்து கொட்டக் கூடாது. 'ட்ரெமி' குழாயை அடிவரைக்கும் விட்டு, கீழேயிருந்து நிரப்பிக்கிட்டே வரணும். அவசரத்துல குழாய் நுனியை கான்கிரீட்டுக்கு மேலே உருவிட்டா, நடுவுல மண்ணும் கரைசலும் புகுந்து பைல் ரெண்டு துண்டு! மேலே நின்னு பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

டிசைன்ல இன்னொரு வேடிக்கை. பைல் ரெண்டு வழியில பாரம் தாங்குது: பக்கவாட்டு உராய்வு, அடிமுனையின் தாங்குதிறன். உராய்வு சில மில்லிமீட்டர் இறங்கின உடனே வேலைக்கு வந்துடும். அடிமுனை சோம்பேறி. துளை போடும்போது கீழே இருக்கிற மணல் தளர்ந்து போறதால, பைல் விட்டத்துல 5 முதல் 10 சதவிகிதம் இறங்கினாத்தான் அது முழு பலத்தைக் காட்டும். ஒரு மீட்டர் பைல்னா 5 முதல் 10 சென்டிமீட்டர்! மேலே இருக்கிற கட்டடம் அதுவரைக்கும் விரிசல் விடாம காத்திருக்குமா? அதனால ரெண்டையும் அப்படியே கூட்டிப் போடுறது ஆபத்து.

சரி, மணல் எவ்வளவு இறுக்கம்னு எப்படித் தெரியும்? 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்துலேர்ந்து போட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடின்னு எண்ணுவாங்க. அதுதான் புகழ்பெற்ற 'என்' மதிப்பு. நம்ம பகுதி இதைப் பிரமாதமா ஏமாத்தும்! ராஜபாளையத்துக்கு மேற்கே மலையிலேர்ந்து இறங்குற வெள்ளம், வேகம் குறையக் குறைய முதல்ல உருண்டைக்கல், அப்புறம் சரளை, கடைசியில மணல்னு போட்டுட்டுப் போகுது. கிழக்கே கரிசல் மண்ல கதையே வேற. சோதனைக் குழாயோட வாய் 35 மி.மீ.தான். அதைவிடப் பெரிய ஒரு கல் வந்து அடைச்சுக்கிட்டாப் போதும்... ஐம்பது, நூறு அடி அடிச்சாலும் இறங்காது. 'பாறை வந்தாச்சு'ன்னு ரிப்போர்ட் எழுதி, பைலை அந்தக் கல் மேலயே நிறுத்தினா? கல்லுக்குக் கீழே பொலபொல மணல்! பாறைதானான்னு உறுதியா சொல்ல, குறைஞ்சது 3 மீட்டராவது உள்ளே துளைச்சு மாதிரி எடுக்கணும். செலவைக் குறைக்கணும்னதும் பல பேர் முதல்ல கை வைக்கிறது மண் ஆய்வுலதான். என்ன கொடுமை சார் இது!

ஆய்வு சரியா இருந்தாலும், இன்னிக்கு இருக்கிற மணல் நாளைக்கும் அங்கேயே இருக்கும்னு ஆத்துப் படுகையில நம்ப முடியாது. திருச்சிப் பக்கம் முக்கொம்புல, கொள்ளிடத்தோட மணல் படுகையில ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டின மேலணை 182 வருஷம் நின்னுச்சு. மணல்ல அடித்தளம் போடுற வித்தையைக் கல்லணையைப் பார்த்துக் கத்துக்கிட்டதா காட்டனே எழுதியிருக்கார். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, வெள்ளத்துல 45 மதகுகள்ல 9 அடிச்சுக்கிட்டுப் போச்சு. 'அணை பழசு'ன்னு அரசு சொல்ல, 'மணல் அள்ளினதுதான் காரணம்'னு விவசாயிகள் கொதிச்சாங்க. அதுக்குக் கீழ்ப்பக்கம் கட்டின புதுக் கதவணை நிற்கிறது பைல்கள் மேலதான்.

வெள்ளம் அடிமண்ணை அரிக்கிற ஆழத்துக்கு லேசி சூத்திரம் இருக்கு. பாலத் தூணுக்கு அந்தச் சராசரி ஆழத்தை ரெண்டு மடங்கா எடுத்துக்கணும். அதுவரைக்கும் பைலைச் சுத்தி மண்ணே இல்லைன்னு நினைச்சுத்தான் கணக்குப் போடணும். 'அந்த உராய்வையும் சேர்த்துக்கலாமே, கம்பி மிச்சம்'னு கைகள் துறுதுறுக்கும்... கூடாது!

எல்லாம் முடிஞ்சதும் பரீட்சை. போட்ட பைல்கள்ல சிலது மேல, டிசைன் பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏத்திப் பார்ப்பாங்க. 600 மி.மீ. வரைக்குமான பைல்னா 12 மி.மீட்டருக்குள்ள இறங்கினா பாஸ். இதுல அரியர் கிடையாது பாஸ். ஃபெயிலான பைலை மண்ணுக்குள்ளயே விட்டுட்டு, பக்கத்துல புதுசா துளை போடணும்.